விட்டத்துத் தூளியும் வாழவந்தி வீடும்

குழந்தைக்கென்று வீட்டில் தனியே ஓர் அறை ஒதுக்கி, அதன் சுவர்களுக்கு ஒரு வர்ணமும் மேல்தளத்துக்கு வேறொரு வர்ணமுமாகத் தீட்டி, ஜன்னலுக்குத் திரையும் கட்டிலுக்கு விரிப்பும் சுவருக்குச் சித்திரமும் அக்குழந்தையின் விருப்பம் அறிந்து தாய் தந்தையர் தம் கைகளாலேயே வெட்டியும் தைத்தும் ஒட்டியும் செய்து வைக்கிற வழக்கம் இன்று நம் நகரங்களில் மெல்லப் பரவி வருகிறது. இது மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஆடம்பரம் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. குழந்தையின் கற்பனையை வளர்க்க மனிதன் கண்டுபிடித்த புதிய உபாயம் இதுவே என்று கொண்டாடுபவர்களும் உண்டு. இரு சாராரும் பழைய சரித்திரத்தைச் சற்றே மறந்து பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அறை புதியது என்பது மெய்தான். ஆனால் குழந்தை படுத்திருக்கும் இடத்தைக் கையால் அலங்கரிக்கும் சம்பிரதாயம் நம் நாட்டில் அறைகளைக் காட்டிலும் வெகு காலம் மூத்தது. இதை விளக்க அரண்மனைகளையும் பிரபுக்களின் மாளிகைகளையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு மலைநாட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில், சமவெளியிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து, உச்சியில் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிற பிரதேசம். 1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி வரை அது பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே போகிற பாதை வருவதற்கு முன்னால் மலைக்குப் போக வேண்டியவர்கள் நடந்தே ஏறினார்கள். ஏற முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கினார்கள். உப்பும் துணியும் இரும்பும் தலைச்சுமையாகவே மேலே சென்றன. மலையின் மீது வாழும் மலையாளிக் குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்றும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களின் வழியில் தாங்கள் வெவ்வேறு மலைகளில் பரவியதாகவும் சொல்லிக்கொள்வார்கள். பெயரைக் கேட்டுவிட்டு இவர்கள் மலையாள மொழி பேசுகிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது, பேசுவது தமிழ்தான். இவர்கள் தம் மலையை நாடு நாடாகப் பிரித்து ஆண்டுகொண்டார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று இன்று பதினான்கு ஊராட்சிகளாக விளங்குகிற அந்த நாடுகளில் ஒன்றுதான் வாழவந்தி நாடு. மலையின் தலைமை ஊராகிய செம்மேடு இதன் எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

சங்கப் புலவர்கள் இந்த மலையைப் பாடும்போது பெரும்பாலும் அதன் தலைவனாகிய வல்வில் ஓரியின் வில்லையும் ஒரு பாவையையும் மறப்பதில்லை. நற்றிணையும் குறுந்தொகையும் குறிப்பிடும் அந்தக் கொல்லிப்பாவை, தெய்வத்தால் இம்மலையில் அமைக்கப்பட்டது என்றும், காற்று மோதினாலும் மழை சாடினாலும் இடி விழுந்தாலும் நிலம் நடுங்கினாலும் தன் அழகு சிதையாமல் நிற்பது என்றும் அப்புலவர்கள் நம்பினார்கள். பிற்காலத்தார் அது புன்னகை காட்டிக் கொல்லும் என்று பயம் கலந்த ஒரு கதையையும் சேர்த்துக்கொண்டார்கள். மலைமக்களோ எட்டுக்கை அம்மனையே அந்தப் பாவையாகக் கண்டு வழிபடுகிறார்கள். தமிழ் இலக்கியத்திலேயே மிகப் பிரசித்தி பெற்ற பொம்மை எந்த மலையில் இருந்தது என்று கேட்டால் கொல்லிமலையில் என்று விடை சொல்லலாம் என்பதற்காக மட்டும் இதை இங்கே எழுதுகிறேன். குழந்தைகளின் பொம்மைக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை.

குழந்தைகளின் பொம்மை, விட்டத்திலிருந்து தொங்கியது.

மலையாளிக் குடிகளின் பழைய வீட்டை நினைவுக்குக் கொண்டுவந்தால் இது விளங்கும். மூங்கிலைப் பிளந்து படல் கட்டி, அதன் மேல் மண்ணை அப்பி எழுப்பிய சுவர். மலைப்புல் வேய்ந்த கூரை. சாணம் மெழுகிய தரை. தலைக்கு மேலே கேழ்வரகும் சாமையும் சேர்த்து வைக்கும் பரண். ஒன்றோ இரண்டோ கட்டுக்கு மேல் இல்லாத அந்தச் சிறு இல்லத்தில் அடுப்பும் தானியமும் முதியோரும் சிறியோரும் ஒரே கூரையின் கீழ் ஒடுங்கியிருக்க, குழந்தைக்கென்று தனியறை எங்கிருந்து வரும்? ஆயினும் குழந்தைக்கென்று தனி இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. தாயின் பழம்புடவை ஒன்றை இரண்டாய் மடித்து, கயிற்றால் விட்டத்தில் கட்டி, துணியின் இரு பக்கமும் குழந்தையின் முகத்தில் ஒட்டிக்கொள்ளாதபடி குறுக்கே ஒரு கட்டையைச் செருகிவிட்டால், தரையில் ஊரும் தேளுக்கும் பூரானுக்கும் எட்டாத உயரத்தில், அடுப்பின் சூடு இதமாகத் தட்டுகிற தூரத்தில், யார் நடந்துபோனாலும் ஒரு கையால் ஆட்டிவிட்டுப் போகக்கூடிய ஒரு சயன கிருகம் உண்டாகிவிடுகிறது. தூளி என்றும் தொட்டில் என்றும் ஏணை என்றும் ஊருக்கு ஊர் பேர் மாறினாலும் அமைப்பு மாறுவதில்லை. தமிழ்நாட்டின் மலைக்கும் சமவெளிக்கும், ஏழைக்கும் இடைத்தரத்தாருக்கும் பொதுவான குழந்தை அறை இதுவேதான்.

இந்த அறைக்குச் சுவர் கிடையாது. ஆகவே சுவர் அலங்காரமும் கிடையாது. படுத்திருக்கும் சிசுவின் கண் எதை நோக்கியிருக்கிறதோ அதுதான் அலங்கரிக்கப்பட வேண்டிய இடம் என்பதை நம் பாட்டிமார்கள் எந்த மனோதத்துவ நூலையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். தூளியின் குறுக்குக் கட்டையிலிருந்து குழந்தையின் முகத்துக்கு நேராக ஏதேனும் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். துணித் துண்டுகளைக் கிளி வடிவில் வெட்டித் தைத்து உள்ளே பஞ்சு அடைத்து, ஐந்தாறு கிளிகளை ஒரு வளையத்தில் கோத்து, நடுவே ஒரு சிறு மணியும் கட்டிய தொட்டில் கிளி, சமவெளியில் கொஞ்சம் வசதி படைத்த வீடுகளில் தொங்கிற்று. ஓலை கிடைக்கிற ஊர்களில் ஓலையை முடைந்து உள்ளே சிறு கற்களை இட்ட கிலுகிலுப்பை தொங்கிற்று. இரண்டும் கிடைக்காத இடங்களில் காய்ந்த சுரைக்குடுக்கையும், அதற்குள் குலுங்குகிற விதைகளும், அதன் மேல் சுண்ணாம்பால் வைத்த புள்ளிகளும் போதுமானவையாக இருந்தன. சிவப்பும் கறுப்புமாய் மின்னும் குன்றிமணி, களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாவது போலவே துணிக் கிளிக்கும் கண்ணாகும். தைத்தவள் பெரும்பாலும் பாட்டி. கட்டையைச் செதுக்கிக் கொடுத்தவன் மாமன். கூலி என்ற பேச்சே இல்லை.

கண்ணேறு கழிப்பதும் அலங்காரத்தோடு சேர்ந்தே வந்தது. வேப்பிலையைச் செருகுவதும், கறுப்புக் கயிறு கட்டுவதும், கன்னத்தில் மை வைப்பதும் காவலா, ஒப்பனையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சங்க காலத்துக் குழந்தைகள் அணிந்த ஐம்படைத் தாலியை எடுத்துக்கொண்டால், திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சிறு வடிவில் செய்து கழுத்தில் கோத்த அந்த ஆபரணம் ரட்சையாகவும் ஒப்பனையாகவும் ஏககாலத்தில் விளங்கியதைக் காண்கிறோம்.

தொட்டிலின் அலங்காரத்தைக் கவிதையில் விஸ்தாரமாகச் சொன்னவர் பெரியாழ்வார். யசோதையின் ஸ்தானத்தில் தம்மை வைத்துக்கொண்டு அவர் பாடிய தாலாட்டில், மாணிக்கமும் வயிரமும் விரவிக் கட்டிய பொன் தொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். அவனைத் தொடர்ந்து ஒவ்வொரு தேவரும் அரைக்கும் கைக்கும் காலுக்குமான அணிகளைத் தத்தம் கையுறையாக அனுப்பிக்கொண்டேயிருக்கிறார்கள். கற்பனையின் செல்வத்தை அகற்றிவிட்டு அதன் எலும்பை மட்டும் பார்த்தால், ஒரு சிசு பிறந்த வீட்டுக்குச் சுற்றத்தார் ஆளுக்கொன்றாகத் தம் கைப்பொருளைக் கொண்டுவந்து தொட்டிலைச் சிங்காரிக்கிற சாமான்ய கிராமத்து வழக்கம்தான் அது. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையும் இதையே இலக்கணமாக்கிவிட்டது. பத்துப் பருவங்களில் தாலப்பருவம் தொட்டிலுக்கு உரியது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் பெண்பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டைச் சிதைப்பதும், சிறுபறை கொட்டுவதும், சிறுதேர் உருட்டுவதும் வருகின்றன.

அந்தச் சிறுதேரைப் பற்றிச் சற்று நின்று பேச எனக்கு ஆசை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பணக்காரச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டிச் செல்கிறார்கள். உலர்த்திய தானியத்தைக் கொத்த வந்த கோழியின் மீது பெண்கள் வீசிய பொற்குழை அந்தத் தேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வருகிற தேர் இன்னும் அழகானது. ஏறிச் செலுத்துவதற்காக அல்லாமல் கையால் உருட்டுவதற்கென்றே செய்யப்பட்ட அந்தத் தேரைத் தச்சர் வீட்டுப் பிள்ளைகளே கண்டு ஆசைப்படுவார்களாம். அதை உருட்டி உருட்டிக் களைத்த புதல்வர் செவிலியிடம் பாலருந்திப் படுக்கையில் உறங்கிப்போகிறார்கள். தச்சுத் தொழிலையே பார்த்துப் பார்த்துக் கண் பழகிய குழந்தை ஆசைப்பட வேண்டுமானால் அந்த வேலைப்பாடு எப்படி இருந்திருக்க வேண்டும்! இன்றைய நடைவண்டி இதன் நேர் வாரிசு. கிராமத்து ஆசாரி மூன்று சக்கரத்தையும் ஒரு கைப்பிடியையும் பூட்டிக் கொடுக்கிற அந்த எளிய யந்திரம் ஈராயிரம் வருஷங்களாகப் பெரிய மாறுதல் ஏதுமின்றித் தமிழ்க் குழந்தையை நடக்கப் பழக்கி வந்திருக்கிறது. அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகளும், திருப்பதி செம்மரத்து மரப்பாச்சிகளும், தஞ்சாவூர்த் தலையாட்டிகளும் வியாபாரத்துக்கென்று உண்டானவை. அவற்றின் சரித்திரம் வேறு. இங்கே நான் தேடுவது, வீட்டிலேயே வீட்டாரின் கையால் ஆனதை.

இனி அறைக்கு வருவோம். குழந்தைகளைத் தனியறையில் வளர்ப்பது இங்கிலாந்தில் செல்வர் வீட்டு வழக்கமாக வெகு காலம் இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுத்தரக் குடும்பங்களுக்கும் இறங்கி வந்தது. வால்டர் கிரேன் என்ற சித்திரக்காரர் 1875ஆம் வருஷம் குழந்தைகளின் அறைக்கென்றே சுவர்த்தாள் வரைந்து கொடுத்தார். குழந்தைப் பாடல்களில் வரும் ராணிகளும் ராஜாக்களும் அச்சாகிச் சுவரில் ஏறினார்கள். ஜெர்மனியில் பிரெடரிக் புரோபெல் 1837இல் பிளாங்கன்பர்க்கில் தம் சிறுவர் பள்ளிக்கான முயற்சியைத் தொடங்கியபோது, சிசுவுக்குத் தர வேண்டிய முதல் வெகுமதி நூலில் தொங்கவிட்ட வர்ணக் கம்பளிப் பந்து என்று வகுத்தார். நம் தொட்டில் கிளியை அவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

வால்டர் கிரேனின் சுவர்த்தாள் விற்பனைக்கு வந்து நான்கு வருஷங்கள் கழித்து, 1879இல், லண்டனில் ஒரு செல்வக் குடும்பத்தில் ஈவ்லின் ஹாரிஸ் என்ற பெண் பிறந்தாள். நல்ல உடையும் நல்ல சங்கீதமும் நல்ல சித்திரமும் சூழ வளர்ந்தவள். முறைப்படி ஓவியம் பயின்றவள். அவள் முப்பது வயதைக் கடந்த பிறகு கிறிஸ்தவ ஊழியத்தில் ஈடுபட்டு இந்தியாவுக்குக் கப்பலேறி, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஊழியம் செய்துவந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரை 1913இல் மணந்தாள். ஜெஸ்ஸி கட்டடத் தொழில் கற்றவர். கொஞ்சம் வைத்தியமும் பயின்றவர். மணம் முடிந்த கையோடு தம்பதிகள் மலையேறினார்கள். அவர்கள் குடியேறிய இடம் வாழவந்தி.

அங்கே ஜெஸ்ஸி கட்டிய மரவீடு இந்தக் கட்டுரைக்கு மையம். அதைக் கறையானும் பாம்பும் எளிதில் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்தி, தூண்களின் மேல் நிறுத்தினார். குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, மலையில் கிடைக்காத ஆணியும் கண்ணாடியும் வேண்டுமென்றால் ஒரு மனிதன் தலையில் சுமந்து ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஓர் இல்லத்தில், 1914 ஜூலையில் பிறந்த பால் என்ற மகனும், அவனுக்குப் பின் பிறந்த கான்னி என்ற மகளும் வளர்ந்தார்கள். ஒரு பக்கம் தச்சனும் கொத்தனும் ஆசிரியனுமான தந்தை. மறு பக்கம் சித்திரம் எழுதத் தெரிந்த தாய். கைவேலையில் ஆசையுள்ள குழந்தைகளின் அறை எப்படி அமைய வேண்டும் என்று இன்று நம்மில் யாராவது யோசனை கேட்டால், இதைவிடப் பொருத்தமான பெற்றோரைக் கற்பனை செய்துகூடச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த வீட்டின் விசேஷம் அறைக்குள் இருந்ததாக அந்த மகன் பின்னாளில் நினைவுகூரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் ஞாபகத்தில் தங்கியவை மரமும் மண்ணும். தாய் கொடுத்த பாடங்களை அவன் ஒரு மரக்கிளையில் உட்கார்ந்து எழுதுவான்; எழுதி முடித்ததைக் கீழே நிற்கும் தாயிடம் போட்டுவிடுவான். வெறும் குறும்பென்று அதட்டிக் கீழே இறக்காமல் அம்மரத்தையே பாடசாலையாக ஏற்றுக்கொண்ட தாயின் புத்தி என்னை வியக்க வைக்கிறது. தந்தையோ கறையான் புற்றைத் திறந்து, அதன் உள்ளே அடுக்கடுக்காய் அமைந்த அறைகளையும் வளைவுகளையும் கட்டடக்காரனின் கண்ணோடு பிள்ளைகளுக்குக் காட்டுவார். மலைச் சிறுவர்களோடு சேர்ந்து ஓடிய அப்பிள்ளைகள் தமிழைத் தாய்மொழி போலப் பேசினார்கள். மலைப்பிள்ளைகளுக்காகப் பள்ளிகளைத் தொடங்கிய ஜெஸ்ஸி, எழுத்தோடு தச்சு வேலையையும் சேர்த்துக் கற்பித்தார். 1918-19இல் உலகையே உலுக்கிய விஷஜுரம் இந்த மலையையும் தாக்கியபோது, ஊழியத்தை எதிர்த்து வந்த பூசாரி ஒருவர் சாகும் தருவாயில் தம் சிசுவை இத்தம்பதிகளிடமே ஒப்படைத்தார். அதன் பிறகு அநாதைக் குழந்தைகள் ஒவ்வொன்றாய் வந்து சேர, அந்த மரவீடு ஒரு குடும்பத்தின் வீடாக மட்டும் இருக்கவில்லை.

சரித்திரத்தில் ஓர் அநீதி எப்போதும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பிராண்ட் குடும்பத்தார் கடிதம் எழுதினார்கள், நூல் எழுதினார்கள். டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியை அவர்களைப் பற்றி விரிவான சரிதங்கள் எழுதினார். ஆகையால் அந்த மரவீட்டில் வளர்ந்த குழந்தை எந்தக் கிளையில் உட்கார்ந்தது என்பது வரை நமக்குத் தெரிகிறது. அதே வருஷங்களில், கூப்பிடு தூரத்தில், புல்வேய்ந்த குடிசைகளில் தூளி கட்டிய மலையாளித் தாய்மார் ஒருவரின் பெயரும் ஏட்டில் ஏறவில்லை. 1883இல் லெபானு தொகுத்த சேலம் ஜில்லா கையேடும், 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளும், 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டீரும் அம்மக்களின் குலத்தையும் மணத்தையும் வழிபாட்டையும் விசாரித்த அளவுக்கு அவர்கள் குழந்தையின் விளையாட்டுப் பொருளை விசாரிக்கவில்லை. புல்லும் துணியும் குடுக்கையும் மக்கிப் போகிற பொருள்கள். அவற்றை அருங்காட்சியகத்தில் வைப்பாரும் இல்லை. ஆதலால் கொல்லிமலைக் குழந்தை அலங்காரத்தின் சரித்திரத்தில் மரவீடு பெரிதாகவும் தூளி சிறிதாகவும் தோன்றுவது எழுத்தின் குறைபாடே தவிர வாழ்க்கையின் அளவு அல்ல.

1923இல், ஒன்பது வயதில், பால் படிப்புக்காகத் தங்கையோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். தந்தையை அவன் மறுபடி காணவில்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் மலையிலேயே கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். மகன் முதலில் எடுத்துக்கொண்டது தந்தையின் தொழில்தான். கட்டட வேலையையும் தச்சையும் சில வருஷங்கள் முறையாகப் பயின்ற பிறகே அவர் வைத்தியக் கல்லூரிக்குப் போனார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை வைத்தியராக வந்தவர், மறு வருஷமே செங்கற்பட்டுக் குஷ்டரோக மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் காட்டிய நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்டு, அவற்றை நிமிர்த்துவதையே வாழ்நாள் பணியாக ஏற்றார். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்திக் கையை மீண்டும் விரியச் செய்த அவருடைய சிகிச்சையை உலகம் அறியும்.

கை நிமிர்ந்துவிட்டது, நிமிர்ந்த கைக்கு வேலை வேண்டுமே. இங்கேதான் வாழவந்தியில் வளர்ந்த குழந்தை மறுபடி வெளிப்படுகிறது. 1950களின் தொடக்கத்தில் வேலூரில் மண்சுவரும் கூரையுமாக எழுப்பிய நவஜீவ நிலையத்தில், குணமடைந்த இளைஞர்களுக்கு டாக்டர் பிராண்ட் தாமே தச்சு வேலை கற்பித்தார். அவர்கள் செய்த பொருள்களில் முக்கியமானவை மரப் பொம்மைகள். ஊரார் தீண்ட அஞ்சிய கைகள், ஊரார் வீட்டுக் குழந்தைகள் கையில் எடுத்து விளையாடும் பொருளைச் செய்தன. பொம்மையின் சரித்திரத்தில் இதற்கு இணையான ஓர் அத்தியாயத்தை நான் அறியேன்.

அந்தப் பட்டறையிலிருந்தும் அந்த நிலையத்திலிருந்தும் வைத்திய சாஸ்திரத்துக்கே ஓர் உண்மை கிடைத்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை டாக்டரால் திறக்க முடியவில்லை; அருகில் நின்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான்; பார்த்தால் அவன் விரலில் எலும்பு தெரிகிற அளவுக்குச் சதை கிழிந்திருந்தது, அவனுக்கோ அது தெரியவேயில்லை. சுத்தியலின் பிடியிலும் உளியின் பிடியிலும் நாள்தோறும் நேர்ந்த காயங்களை ஒவ்வொன்றாகக் கவனித்ததில், விரல்கள் அழிவது நோயினால் தானாக நிகழ்வதல்ல, வலி தெரியாமையால் அக்கைகள் தமக்குத் தாமே இழைத்துக்கொள்ளும் காயங்களால் நிகழ்வது என்று தெளிந்தது. பிடிகளை மாற்றினார்கள், கையை நாள்தோறும் பரிசோதிக்கப் பழக்கினார்கள், விரல்கள் நிலைத்தன.

தாய் ஈவ்லின், ஊழியத்திலிருந்து ஓய்வு கொடுத்து விலக்கப்பட்ட பிறகும், 1947க்குப் பின் மறுபடி கொல்லிமலைக்கே வந்து குடிசை போட்டுக்கொண்டு மலை மலையாக அலைந்து உழைத்து, 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். தம் இறுதி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார் என்று மகன் எழுதியிருக்கிறார். லண்டனின் சுவர்த்தாள்களுக்கு நடுவே வளர்ந்த சித்திரக்காரி, முகம் பார்க்கும் கண்ணாடியும் இல்லாத அறையில் வாழ்ந்து முடித்தாள்.

இதற்கிடையே சமவெளியில் வேறொரு காரியம் நடந்தது. 1939 நவம்பரில் டாக்டர் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்குப் பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்து, யுத்தத்தால் ஊர் திரும்ப முடியாமல் வருஷக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கினார். அதில் ஒரு பகுதியைக் கோடைக்கானலில் கழித்தார். குழந்தையின் அறையில் மேஜையும் நாற்காலியும் அலமாரியும் படமும் குழந்தையின் உயரத்துக்கே அமைய வேண்டும், அதன் கைக்கு எட்டாததும் கண்ணுக்குத் தெரியாததும் அதற்கு இல்லாததற்கே சமம் என்ற அவருடைய கொள்கை அவரிடம் பயின்ற ஆசிரியைகள் வழியே தமிழ்நாட்டில் பரவிற்று. நம் பாட்டி கிளியைக் கட்டிய இடமும் அந்தக் கொள்கைக்கு உட்பட்டதுதான். வித்தியாசம் என்னவெனில், பாட்டி அதற்குக் காரணம் எழுதி வைக்கவில்லை, மாண்டிசோரி எழுதினார்.

இந்த நூற்றாண்டில் அரசாங்கப் பள்ளிகளுக்கும் அந்தக் கொள்கை வந்து சேர்ந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல் முறையில், சுவரின் அடிப்பாகத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் உயரத்தில் ஒரு கரும்பலகை வாய்த்தது. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டிக் கம்பிப் பந்தல் என்று ஒன்றை அமைத்து, பிள்ளைகள் வரைந்த படத்தையும் மடித்த காகிதத்தையும் கத்தரித்த இலையையும் அதில் தொங்கவிட்டார்கள். வீட்டில் தூளிக்கு மேலே பாட்டி தொங்கவிட்டது போய், பள்ளியில் பிள்ளை தானே செய்து தானே தொங்கவிடுகிற நிலை வந்ததை நான் பெரிய முன்னேற்றமாகவே எண்ணுகிறேன். பின்னர் பாடமுறைகள் மாறின. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற முறை வந்தது. முறைகள் வந்து போகலாம், கம்பிக்கு அதனால் கேடில்லை.

இன்று மலையிலும் காரை வீடுகள் எழுந்துவிட்டன. விட்டம் இல்லாத மேல்தளத்தில் கொக்கி ஒன்றைப் பதித்து, கடையில் வாங்கிய வில்லுத் தொட்டிலைத் தொங்கவிடுகிறார்கள். அதற்கு மேல் தொங்குகிற பிளாஸ்டிக் பறவைக்கு மின்கலம் போட்டால் அது பாடவும் செய்கிறது. அதைக் குறை கூற எனக்கு விருப்பமில்லை. தேள் கடிக்கும் மழை ஒழுகலுக்கும் பயந்து பிள்ளையைக் காத்த தாய்க்குக் காரை வீடு சௌகரியமே. என் விண்ணப்பம் வேறு. தம் குழந்தையின் அறையைக் கையால் அலங்கரிக்க விரும்பும் பெற்றோர், நிறத்தையும் திரையையும் நிச்சயிப்பதற்கு முன்னால் ஒருமுறை அந்தக் குழந்தையின் படுக்கையில் தாமே படுத்து மேலே பார்க்கட்டும்; பிறகு எழுந்து தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கட்டும். அங்கே தெரிகிற இடத்தில் தம் கைவேலையை ஒன்றே ஒன்று வைத்துவிட்டு, மீதியைக் குழந்தைக்கு விட்டுவிடட்டும். வீட்டில் பழம்புடவை தைக்கத் தெரிந்த பாட்டியோ, மரம் செதுக்கத் தெரிந்த மாமனோ, அண்டையில் ஓர் ஆசாரியோ இருந்தால் அவர்களிடம் அந்த வேலையைக் கேட்டு வாங்கி, செய்தவர் பெயரையும் வருஷத்தையும் அதன் பின்புறம் எழுதி வைக்கவும் வேண்டுகிறேன். வாழவந்தித் தாய்மாருக்கு நாம் செய்யத் தவறியது அது ஒன்றுதான்.